நிலத்தின் பெயரில் நிற்கும் நீர்
மரக்காணம் உப்பளக் கரையை முன்வைத்துச் சில எண்ணங்கள்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நிறைவு விழாவில் கவிதையைப் பற்றிப் பேசுவதற்குத் தகுதியுடையோர் பலர் இங்கே உளர். எனக்கு வகுத்தளிக்கப்பட்ட பொருளோ, நீர் மேலாண்மையும் வட்டார நிலப் பயன்பாட்டுத் திட்டமும் என்பது. அரசு அலுவலகக் கோப்பின் மேலட்டையில் இருக்கவேண்டிய தலைப்பு இலக்கிய மேடைக்கு வழிதவறி வந்துவிட்டதோ எனச் சிலர் ஐயுறக்கூடும். அவ்வாறு ஐயுற வேண்டா. கோப்புகளில் இரண்டாகப் பிரிந்துபோன இப்பொருள், நம் மொழியில் நெடுங்காலம் ஒன்றாகவே இருந்தது. அதனை எடுத்துக்காட்டி, மரக்காணத்துக் கரையில் அப்பிரிவினால் விளைந்த இடர்களையும், அவற்றுக்கு நாம் செய்யத்தக்கன சிலவற்றையும் கூறி அமைவதே என் நோக்கம்.

முதலில் சொற்களைப் பார்ப்போம். நன்செய், புன்செய், மானாவாரி, படுகை, கழனி, தாங்கல், ஏந்தல், அளம். இவையெல்லாம் நிலத்தைக் குறிக்கும் பெயர்கள். ஊர்ப் பெயர்களின் ஈற்றிலும் இவற்றுட் பல நிற்கின்றன. உற்று நோக்கினால், ஒவ்வொன்றும் நீரைக் கொண்டே நிலத்தை அடையாளங் காட்டுவது புலனாகும். பாசனம் பெறுவது நன்செய். அது பெறாதது புன்செய். வானத்தை மட்டுமே நம்பியிருப்பது மானாவாரி. ஆறு ஒதுக்கிய வண்டலில் அமைவது படுகை. சிறு மழையைத் தாங்கி வைப்பது தாங்கல். உவர்நீரை வெயிலில் காயவைத்து உப்பு எடுக்கும் இடம் அளம். 'இந்த நிலம் எதற்குப் பயன்படும்?' என்ற வினாவுக்கு, 'இங்கே எந்த நீர் வரும், எப்போது வரும், எவ்வளவு நாள் நிற்கும்?' என்பதையே நம் முன்னோர் விடையாக வைத்தனர். இன்று நிலப் பயன்பாட்டுத் திட்டம் என்று நாம் சொல்லும் ஒன்று அன்று சொல்லாகவே வழங்கியது.

தொல்காப்பியர் நிலத்தையும் பொழுதையும் சேர்த்தே முதற்பொருள் என்றார். மருதத்தைச் சுட்டும்போது இனிய நீரையுடைய உலகம் என்னும் பொருள்படவும், நெய்தலைச் சுட்டும்போது பெருமணலையுடைய உலகம் என்னும் பொருள்படவும் தொடர்களை ஆண்டார். திணைக்குரிய ஒழுக்கங்கள் ஒன்றோடொன்று மயங்கலாம், ஆயின் நிலங்கள் இரண்டு ஒருங்கு மயங்குதல் இல்லை என்பதும் அவர் வகுத்த நெறி. செய்யுளுக்கு அது பொருந்தும். மரக்காணத்துக்கு மேற்கேயும் தெற்கேயும் விரிந்துகிடக்கும் கழுவெளியில் நிற்கும் ஒருவர்க்கோ அந்நெறி சற்றே நெகிழக் காணலாம். கார்த்திகையில் அங்கே நன்னீர் நிரம்பி ஓரத்து வயல்களைத் தொடும். சித்திரையில் நீர் வற்றி, சேறு வெடித்து, வடபுறத்திலிருந்து உவர் ஏறி நிற்கும். ஒரே இடம் ஆண்டின் ஒரு பாதியில் மருதத்தின் சாயலும் மறுபாதியில் நெய்தலின் சாயலும் கொள்கிறது. நிலமும் பொழுதும் சேர்ந்ததே முதற்பொருள் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று கிடைப்பது அரிது.

இவ்வட்டாரத்தின் அமைப்பைச் சுருக்கமாகச் சொல்கிறேன். விழுப்புரம் மாவட்டத்தின் கீழ்க்கோடியில், சென்னைக்கும் புதுச்சேரிக்கும் இடையே கடலோரத்தில் அமைந்தது மரக்காணம். கடலை ஒட்டி நீண்ட மணல்மேடு. அதன் உட்புறம் தாழ்ந்த வெளி. அத்தாழ்வே கழுவெளி. வானூர், திண்டிவனம் பக்கத்து மேட்டு நிலங்களில் பெய்யும் மழை, ஏறத்தாழ 200 சிறு ஏரிகளிலும் குளங்களிலும் தங்கித் தங்கி இறங்கி இங்கே வந்து சேர்கிறது. அதன் நீர்ப்பிடிப்புப் பரப்பு சுமார் 740 சதுர கிலோமீட்டர். சேர்ந்த நீர் வடக்கே உப்போடை வழியாகச் சென்று எடையன்திட்டுக் கழிமுகத்தில் கடலோடு கலக்கிறது. அவ்வோடையையும் கழியையும் அடுத்தே, ஏறத்தாழ 3,000 ஏக்கரில் உப்பளங்கள் பரந்துள்ளன. ஆந்திரத்திலிருந்து கரையோரமாக இறங்கிவரும் பக்கிங்காம் கால்வாய் முடிவதும் இங்கேதான். 1806-இல் சென்னைக்கு வடக்கே தொடங்கி, 1876-78 பெரும் பஞ்சத்தின் போது நிவாரணப் பணியாக நீட்டிக்கப்பட்ட அக்கால்வாயில், ஒரு காலத்தில் படகு படகாக உப்பு சென்னைக்குச் சென்றது.

இலக்கியம் அறிந்த இவ்வவைக்குச் சிறுபாணாற்றுப்படையை நினைவூட்ட வேண்டியதில்லை. நல்லூர் நத்தத்தனார் பாடிய அந்நூல், ஓய்மானாட்டு நல்லியக்கோடனிடம் பாணனை ஆற்றுப்படுத்துகிறது. வழியில் நெய்தல் நிலத்து எயிற்பட்டினம், முல்லை நிலத்து வேலூர், மருத நிலத்து ஆமூர் ஆகியவற்றைக் கடந்து கிடங்கிலை அடையுமாறு அமைந்தது அப்பாதை. எயிற்பட்டினம் இன்றைய மரக்காணமே என்பது ஆய்வாளர் பலர் கருத்து. கிடங்கில் திண்டிவனத்தை ஒட்டியுள்ளது. இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 35 கிலோமீட்டர். பாணன் கடலிலிருந்து மேட்டை நோக்கி நடக்கிறான். மழைநீர் மேட்டிலிருந்து கடலை நோக்கி இறங்குகிறது. அவன் ஏறிய திசையில் நாம் நீரோடு இறங்கிவந்தால், மருதமும் முல்லையும் நெய்தலும் ஒரே நாட்டின் படிகளாகத் தோன்றும். ஓய்மானாடு என்ற ஒரு பெயருக்குள் அப்படிகள் அனைத்தும் அடங்கியிருந்தன. இன்று அவை தனித்தனி வட்டங்களாகவும், தனித்தனித் துறைகளின் பொறுப்புகளாகவும் சிதறிக் கிடக்கின்றன.

இனி ஒரு சிறு கணக்கு. இவ்வட்டாரத்தில் ஆண்டுக்கு 1,000 மில்லிமீட்டருக்குக் குறையாமல் மழை பெய்வதாகக் கொள்வோம். அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில் பெய்துவிடும். 740 சதுர கிலோமீட்டர் பரப்பில் ஒரு மீட்டர் மழை என்றால் 74 கோடி கனமீட்டர் நீர், அஃதாவது ஏறத்தாழ 26 டி.எம்.சி. சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளின் கொள்ளளவு அனைத்தையும் கூட்டினாலும் சுமார் 11 டி.எம்.சி. தான். வானத்திலிருந்து விழுவது அதனினும் இருமடங்கு. அதில் பெரும்பகுதி ஆவியாகும், பயிர் குடிக்கும், மண் குடிக்கும் என்பது உண்மையே. ஆயினும் மழை போதாத நாடு இது என்று சொல்லுவதற்கு இடமில்லை. மழை வந்து இறங்கும் நிலத்தை நாம் என்ன செய்து வைத்திருக்கிறோம் என்பதே கேள்வி.

அந்நிலத்தின்மேல் உரிமை கோருவோர் நால்வர். நால்வர் கோரிக்கையும் நேர்மையானவை. அதுவே இச்சிக்கலின் கடினம்.

முதலாமவர் உழவர். கோடையில் உவர்நீர் ஏறிவந்து வயலையும் கிணற்றையும் கெடுக்கிறது, ஆதலின் ஓடையின் குறுக்கே தடுப்பணை கட்டிக் கழுவெளியை நன்னீர் ஏரியாக்க வேண்டும் என்பது அவர் கோரிக்கை. இரண்டாமவர் உப்பளத் தொழிலாளர். அவருக்கு உவர்நீர் தடையின்றி வரவேண்டும். லிட்டருக்கு 35 கிராம் உப்புடைய கடல்நீரைப் பாத்தி பாத்தியாக மாற்றி, வெயிலில் செறிவாக்கி, பலகையால் வாரிக் குவிக்கும் தொழில் அது. தை, மாசியில் தொடங்கிப் புரட்டாசியில் முடியும். எதிர்பாராத ஒரு மழை பல நாள் உழைப்பை ஓரிரவில் கரைத்துவிடும். மழைக்கால மூன்று மாதங்களில் வருவாய் இல்லாமையால், தமிழக அரசு குடும்பத்துக்கு 5,000 ரூபாய் வீதம் நிவாரணம் வழங்கும் திட்டம் 2022-இல் நடைமுறைக்கு வந்தது. மூன்றாமவர் மீனவர். இறாலும் மீன்குஞ்சும் வளர நன்னீரும் கடல்நீரும் கலக்க வேண்டும், அதற்குக் கழிமுகம் திறந்திருக்க வேண்டும், படகுக்கு நல்ல துறையும் வேண்டும் என்பார் அவர். நான்காமவருக்கு வாய் இல்லை. பூநாரையும் கூழைக்கடாவும் வடபுலத்திலிருந்து வரும் உள்ளான் கூட்டமும் கேட்பது, கால் அமிழாத ஆழமுள்ள நீரும் சேறுமே.

பறவைகளின் பொருட்டு 2021 டிசம்பரில் கழுவெளியில் 5,151 ஹெக்டேருக்குச் சற்று மேற்பட்ட பரப்பு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2024 ஆகஸ்டில் ராம்சார் உடன்படிக்கையின் கீழ்ப் பன்னாட்டுச் சிறப்புடைய ஈரநிலங்களின் பட்டியலிலும் அது இடம்பெற்றது. மகிழத்தக்க செய்திகளே. ஆயின் ஒரு நீர்நிலையைச் சுற்றிக் கோடு வரைவதனால் அதற்கு நீர் வந்துவிடாது. நீர் வருவது கோட்டுக்கு வெளியே, 35 கிலோமீட்டர் மேற்கே உள்ள ஏரிகளிலிருந்து. அங்கே ஏரிக்குள் வீட்டுமனைக் கற்கள் நடப்பட்டால், வரத்துக்கால் தூர்ந்தால், பாறைமேடு கல்குவாரியானால், சாலைக்கு அடியில் போதிய மதகு இல்லாமல் போனால், அதன் விளைவு இங்கே வந்து இறங்கும். முன்பு 200 இடங்களில் தங்கிப் படிப்படியாக வந்த வெள்ளம் ஒரே பாய்ச்சலாக வரும். பின்பு கோடையில் வரவேண்டிய கசிவு நின்றுபோகும். வெள்ளமும் வறட்சியும் பகை போலத் தோன்றினும் ஒரு வயிற்றில் பிறந்தவை.

2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை கொட்டியது. ஆண்டு மழையில் பாதி ஒரு நாளில். மரக்காணத்து உப்பளங்கள் நீரில் மூழ்கின. இத்தகைய பெருமழையை எந்த ஏரியும் முழுதும் தாங்காது என்பதை ஒப்புக்கொள்வோம். ஆயினும் ஏரிகள் தாங்கும் பங்கு ஒன்று உண்டு. அப்பங்கை நாம் நிலமாக விற்றுவிட்டால், அதற்கான விலையை அந்நிலத்தை வாங்கியவர் கொடுப்பதில்லை. கடைசிப் படியில் நிற்கும் உப்பளத் தொழிலாளியும் குப்பத்து மீனவரும் கொடுக்கிறார்கள்.

இது மண்ணின்மேல் காணும் கதை. மண்ணுக்கடியிலும் ஒரு கதை உண்டு. கடலோரத்தில் நன்னீர், கனமான உவர்நீரின்மேல் மிதந்துகொண்டிருக்கிறது. 1880-களின் இறுதியில் ஹாலந்து நாட்டுக் கைபனும், 1901-இல் ஜெர்மானியர் ஹெர்ஸ்பெர்க்கும் இதன் கணக்கை வகுத்தனர். கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் இருந்தால், கீழே ஏறத்தாழ 40 அடி ஆழத்துக்கு நன்னீர் இருக்கும். இதனைத் திருப்பிப் படித்தால் அச்சம் தோன்றும். ஆழ்குழாய்க் கிணறுகளால் நீர்மட்டம் ஓரடி தாழ்ந்தால், அடியிலிருந்து உவர் 40 அடி மேலேற வழி பிறக்கும். ஏறிய உவர் எளிதில் இறங்காது. கண்ணுக்குத் தெரியும் கழுவெளியில் தடுப்பணை கட்டி உப்பைத் தடுக்க முனைவோர், கண்ணுக்குத் தெரியாத இவ்வழியையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். வானூர், புதுச்சேரிப் பகுதிகளின் அடியிலுள்ள மணற்பாறை அடுக்குகள் மாநில எல்லையை அறியமாட்டா. புதுச்சேரி 2002-இல் நிலத்தடி நீரை ஒழுங்குபடுத்தச் சட்டம் செய்தது. தமிழகத்தில் 2003-இல் செய்யப்பட்ட நிலத்தடி நீர்ச் சட்டம், நடைமுறைக்கு வராமலே 2013-இல் நீக்கப்பட்டது. ஒரே குடத்தில் இரண்டு கை. ஒரு கைக்கு மட்டும் அளவு.

இக்காரணங்களால் என் கருத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நன்னீரைத் தேடவேண்டிய இடம் கழுவெளி அன்று. அதற்கு மேலேயுள்ள ஏரிகளும் அவற்றின் அடியிலுள்ள மண்ணுமே. இருவகை நீரும் கலக்குமிடமாகக் கழுவெளி இருந்தால்தான் மீனவர்க்கும் உப்பளத்தார்க்கும் பறவைக்கும் வாழ்வு உண்டு. உழவர் கேட்கும் இனிய நீரை அங்கே அணை கட்டிப் பெறுவதைக் காட்டிலும், மேட்டு ஏரிகளை ஆழ்த்தி, வரத்துக்காலையும் போக்குக்காலையும் திறந்து, நீர்மட்டத்தை உயர்த்தி, உவரைக் கீழேயே நிறுத்துவது உறுதியான வழி. ஆரோவில்லைச் சார்ந்த நீர்ப்பணியாளர்கள் இவ்வட்டாரத்துச் சிற்றூர்களில் ஏரிகளைச் சீரமைக்க மக்களோடு உழைத்ததும் இவ்வழியிலேயே. நால்வர் கோரிக்கைக்கும் விடை ஒரே இடத்தில் இல்லை. மேட்டில் ஒன்றும் தாழ்வில் ஒன்றுமாக இருக்கிறது. மேட்டையும் தாழ்வையும் சேர்த்துப் பார்க்கும் கண் இல்லாவிடில் நால்வரும் ஒருவரோடொருவர் வழக்காடிக்கொண்டே இருப்பர். எடையன்திட்டுக் கழிமுகத்தின் இருகரையிலும், அழகன்குப்பத்திலும் ஆலம்பரைக்குப்பத்திலும், மீன்பிடித் துறைமுகம் அமைக்க முற்பட்ட திட்டம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் முன்பு சென்றதை நீங்கள் அறிவீர்கள். துறை கேட்டவரும் கழி கேட்டவரும் ஒரே கரையினரே.

இக்கண் ஏன் இல்லாமல் போயிற்று? நம் அரசியல் சட்டத்தின் ஏழாம் அட்டவணையைப் புரட்டுங்கள். மாநிலப் பட்டியலில் 17-ஆம் இனம் நீர். 18-ஆம் இனம் நிலம். அடுத்தடுத்து நின்றும் தனித்தனி. உப்பு மத்தியப் பட்டியலில் 58-ஆம் இனம். காடும், காட்டு விலங்கு, பறவைகளின் பாதுகாப்பும் 1976-இல் 42-ஆம் திருத்தத்தால் பொதுப்பட்டியலுக்குச் சென்றன. மீன்வளம் மீண்டும் மாநிலத்துக்கு. கழுவெளியில் நிற்கும் ஒரு கூழைக்கடாவை எடுத்துக்கொண்டால், பறவை ஒரு பட்டியலில், அது நிற்கும் நீர் வேறொரு பட்டியலில், அது உண்ணும் மீன் இன்னோர் இனத்தில், எதிரே தெரியும் உப்புக் குவியல் தில்லியில்!

துறைகள் பலவாக இருப்பது குற்றமில்லை. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட பராந்தக சோழர் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகளில் ஏரி வாரியம் வேறு, தோட்ட வாரியம் வேறு. ஆயினும் இரண்டும் ஒரே சபையின் கைகள். அவற்றில் முன்பு பணியாற்றித் தேர்ந்தவர்களிலிருந்தே ஆட்டை வாரியத்துக்கு ஆள் எடுத்தனர். நீரையும் நிலத்தையும் கையாண்டு பழகியவரே ஊரின் பொதுப்பொறுப்புக்கு உரியவர் என்பது அதன் உட்கருத்து. அச்சபையில் இடம்பெறச் சொந்த நிலமும் வேதக் கல்வியும் வேண்டும். உழுதவர்க்கும் பெண்டிர்க்கும் அங்கே இடமில்லை. அக்குறையை மறைத்துப் பழம்பெருமை பேசுவது முறையன்று. நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அதன் அமைப்பை. விரித்துக்கொள்ள வேண்டியது அதன் வாயிலை.

அதற்கும் வழி நம் சட்டத்திலேயே உண்டு என்பதுதான் வியப்பு. 1992-இல் நிறைவேறிய 74-ஆம் திருத்தத்தால் வந்த 243 இசட்-டி பிரிவு, மாவட்டத் திட்டக் குழு தன் திட்டத்தைத் தீட்டும்போது இடவாரித் திட்டமிடலையும் நீரைப் பகிர்ந்துகொள்ளுதலையும் கருத்திற்கொள்ள வேண்டும் என இரண்டையும் ஒரே மூச்சில் கூறுகிறது. 1971-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு நகர், ஊரமைப்புச் சட்டமோ வட்டாரத் திட்டம் என்ற ஒன்றுக்கு இடந்தருகிறது. கதவு இருக்கிறது, திறவுகோலும் இருக்கிறது. திறப்பார் வேண்டும்.

நீதிமன்றம் ஒருமுறை திறந்தது. சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 11-இல் வழங்கிய தீர்ப்பு, விளைநிலத்தையும் உப்பள நிலத்தையும் ஈரநிலத்தையும் ஊர்ப்பொது நிலத்தையும் இறால் பண்ணைகளாக மாற்றலாகாது என்றது. குடிநீரும் கழிநீரும் கெட்டதற்கு, நிலத்தின் பயனை வரையறுப்பதே மருந்து என அத்தீர்ப்பு கண்டது. நீருக்கான நீதி நிலத்தின் வழியாக வந்தது என்பதை நாம் மறத்தலாகாது.

பிற நாட்டினரும் பட்டே தெளிந்தனர். கடல்மட்டத்துக்குக் கீழே வாழும் ஹாலந்து நாட்டினர், ஊர்விரிவுக்கோ சாலைக்கோ திட்டம் தீட்டுவோர் முதலில் நீர்வாரியத்தைக் கலந்து அதன் விளைவை எழுதிக்காட்ட வேண்டும் என்ற நீர்ச்சோதனையை 2003-இல் சட்டமாக்கினர். நம் நாட்டில் ஒடிசாவின் சிலிகா ஏரி மற்றொரு சான்று. வண்டல் படிந்து, முகத்துவாரம் அடைபட்டு, உவர் குறைந்து, மீன்வளம் குன்றிய அவ்வேரிக்காக 1991-இல் தனி ஆணையம் அமைந்தது. மேட்டுநிலத்து மண்ணரிப்பைத் தடுப்பதிலிருந்து, 2000-இல் கடலுக்குப் புதிய வாய் வெட்டுவது வரை ஒரே கை செய்தது. அழியும் ஈரநிலங்களின் பன்னாட்டுப் பட்டியலிலிருந்து 2002-இல் சிலிகா விடுபட்டது. அங்கே உவர் வேண்டியிருந்தது என்பதை நம் தடுப்பணை அன்பர்கள் கவனிக்கலாம். ஒரு கழி நலமாய் இருப்பதற்கு இனிமை மட்டும் போதாது.

மரக்காணத்துக்கு நான் வேண்டுவன நான்கு. 740 சதுர கிலோமீட்டரும் ஒரே திட்டப்பரப்பாகக் கொள்ளப்படுதல் முதலாவது. அதற்குள் எந்நிலத்தின் பயனை மாற்றினும், அதனால் மேலேயும் கீழேயும் நீர் எவ்வாறு மாறும் என்று எழுதிக்காட்டிய பின்னரே ஒப்புதல் தருதல் இரண்டாவது. கடலோரக் கிணறுகளில் உவரின் எல்லையை ஆண்டுதோறும் அளந்து ஊரறியச் செய்து, அதற்கேற்ப ஆழ்குழாய்களுக்கு வரம்பு கட்டுதல் மூன்றாவது. புதுச்சேரியும் இதில் கை கோக்க வேண்டும். உழவர், உப்பளத் தொழிலாளர், மீனவர் மூவரும், அவர்தம் பெண்களும், அலுவலர்க்குச் சமமாக அமரும் ஒரு சபை நான்காவது. பாத்தியில் நிற்பவர்களை விட்டுவிட்டு உப்பைப் பற்றி முடிவெடுக்கும் கூட்டங்கள் போதும்.

'எல்லாம் சரி, கவிஞர்களாகிய நாங்கள் என் செய்வது?' என்று நீங்கள் கேட்கலாம். இந்த வினாவுக்காகவே இவ்வளவு நேரம் காத்திருந்தேன்.

ஊர்க்கணக்கில் 'அ' பதிவேடு என்றும் அடங்கல் என்றும் ஏடுகள் உண்டு. ஒவ்வொரு புல எண்ணுக்கும் நேராக, நிலம் எவ்வகை, பாசனம் எதிலிருந்து என்று ஒரே வரியில் எழுதும் வழக்கம் அவற்றில் இருந்துவருகிறது. நம் மொழி அறிந்ததை அவ்வேடுகளும் ஓரளவு அறிந்திருந்தன. அவற்றிலேயே வேறொரு சொல்லும் இருக்கிறது; புறம்போக்கு. வரிக்குப் புறம்பானது என்ற அளவில் எழுந்த அச்சொல், காலப்போக்கில் யார்க்கும் உரிமையில்லாதது, எதற்கும் உதவாதது என்ற பொருளை ஏற்றுக்கொண்டு, இன்று வசைச்சொல்லாகவும் வழங்குகிறது. ஏரியும் வாய்க்காலும் மேய்ச்சல் வெளியும் கழியும் அதற்குள் அடங்கின. நாட்டின் தரிசுநில வரைபடத் தொகுப்பிலும் சதுப்பும் உவர்நிலமும் தரிசின் வகைகளாகவே எண்ணப்பட்டன. பயனற்றது என்று பெயரிட்ட பின் ஒரு நிலத்தைப் பயன்படுத்த முன்வருவோருக்குக் குறைவிராது. பெயரே முதல் ஆக்கிரமிப்பு.

ஆகவே சொல்லைக் காக்கும் தொழில் உடையவர்க்கு இங்கே வேலை இருக்கிறது. திண்டிவனத்திலிருந்து மரக்காணம் வரை ஒவ்வோர் ஊரிலும் ஏரிக்கும் தாங்கலுக்கும் மடைக்கும் கலங்கலுக்கும் ஓடைக்கும் தனிப்பெயர் உண்டு. முதியோர் நாவில் அவை இன்னும் இருக்கின்றன. இளையோர் நாவில் இல்லை. பெயர் மறந்த வாய்க்கால் பத்தாண்டில் பாதையாகும், இருபதாண்டில் பட்டாவாகும். உப்பளத்தில் பாத்தியின் வகைக்கும், நீரின் செறிவுக்கும், காற்றின் திசைக்கும் தொழிலாளர் வழங்கும் சொற்கள் அகராதியை எட்டவில்லை. தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர் வாழ்வை நேரில் கண்டு, ராஜம் கிருஷ்ணன் 1979-இல் 'கரிப்பு மணிகள்' நாவலை அளித்தார். நம் கரைக்கும் அத்தகைய கண் வேண்டும். நெய்தலைப் பாடுங்கள், பாடுமுன் ஒருமுறை எந்த ஏரியின் கலங்கல் நீர் அந்நெய்தலுக்கு வந்து சேர்கிறது என்று கேட்டறியுங்கள்.

நம் வட்டம் தன் அடுத்த பத்தாண்டுப் பணிகளுள் ஒன்றாக இப்பெயர்த் தொகுப்பை ஏற்குமாறு இவ்வவையில் வேண்டுகிறேன். ஓர் உறுப்பினர்க்கு ஓர் ஊர் போதும். ஒரு குறிப்பேடு போதும். ஏரியின் பெயர், அதற்கு நீர் வரும் வழியின் பெயர், அது நிரம்பினால் நீர் செல்லும் அடுத்த ஏரியின் பெயர், அதன் கீழுள்ள நிலத்துக்கு ஊரார் வழங்கும் பெயர், இவை நான்கையும் எழுதினால் ஓர் ஊர் முடிந்தது. ஏறத்தாழ 200 ஏடுகள் சேரும் நாளில், எந்த அலுவலகத்திலும் இல்லாத ஒரு நீர்ப்படம் நம் கையில் இருக்கும். மாவட்டத் திட்டக் குழுவின் முன்பு வைப்பதற்கு அதனினும் வலிய விண்ணப்பம் வேறில்லை.

சங்கச் செய்யுள்களில் உமணர் மகளிர் உப்பைக் கொடுத்து நெல்லை வாங்கினர். அம்மாற்றத்தில் இரண்டும் நிகர்ப்பொருள்களாய் இருந்தன. நெய்தலின் விளைவும் மருதத்தின் விளைவும் ஒன்றையொன்று மதித்த காலம் அது. மேட்டு வயலும் கடலோரப் பாத்தியும் மீண்டும் ஒரே கணக்கில் எழுதப்பட வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.